பொன்னாடையும் பொறுப்பும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன்னையும் நகையையும் பற்றி எழுதாதவர் இல்லை. அதே கோயிலின் கல்வெட்டில் ஒரு பணிவிதி இருக்கிறது. அதைப் பேசுபவர்கள் குறைவு. தளிச்சேரி என்ற கோயில் குடியிருப்பில் அமர்த்தப்பட்ட 400 ஆடல் மகளிர், நட்டுவம் செய்தவர்கள், பாடியவர்கள், கொட்டியவர்கள், கணக்கு எழுதியவர்கள், தைத்தவர்கள், வெளுத்தவர்கள், சிரைத்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் கல்வெட்டு பங்கு பிரித்துக் கொடுக்கிறது. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல். அதன்பின் எந்த நிர்வாகத்துக்கும் வரக்கூடிய ஒரு கேள்வியை அது எடுத்துக்கொள்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அந்த இடத்துக்கு யார் வருவது? அடுத்த உரிமைக்காரர் வந்து வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். அவருக்கு வேலை தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை அமர்த்த வேண்டும். உரிமைக்காரரே இல்லையென்றால், அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே தகுதியான ஆளைத் தேர்ந்து அமர்த்த வேண்டும்.

அரசனின் அதிகாரி தேர்ந்தெடுப்பார் என்று அங்கே எழுதவில்லை. மத்தளம் கொட்டுபவனின் தகுதி மத்தளம் கொட்டுபவர்களுக்குத்தான் தெரியும் என்பதை, மலையைப் போல் ஒரு கோயிலைக் கட்டிய பேரரசு சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஓர் அலுவலகத்தில் யாருக்குப் பாராட்டுக் கொடுப்பது என்று கூடிப் பேசும் குழுவில், அந்த வேலையைக் கையால் செய்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளில் நாம் எல்லாவற்றிலும் முன்னேறிவிடவில்லை.

அதே கல்வெட்டுகளில்தான் வீரசோழன் குஞ்சரமல்லன் என்ற பெயர் வருகிறது. 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். பெரிய கோயிலை வகுத்துக் கட்டியவர் அவர்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இன்னும் இரண்டு பெருந்தச்சர்களின் பெயர்களும் உண்டு. நாவிதர் ஒருவர் 'ராஜராஜப் பெருநாவிசன்' ஆகியிருக்கிறார். அந்தப் பட்டங்களின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். அரசன் தன் பெயரை முன்னால் கொடுக்கிறான். தொழிலின் பெயர் பின்னால் அப்படியே நிற்கிறது. நாவிதருக்குப் பட்டம் கொடுத்தபோது அவரை வேறு யாராகவோ மாற்ற வேண்டும் என்று அரசனுக்குத் தோன்றவில்லை. நாவிதராகவே பெரியவர் என்று சொன்னான்.

இதைச் சொல்வதால் சோழர் காலம் தொழிலாளியின் பொற்காலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விமானத்துக்குக் கல் இழுத்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. தளிச்சேரிப் பெண்களின் பெயரும் வீடும் வரிசையாகக் கல்லில் இருந்தாலும், அந்த வாழ்க்கையை அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லாது. ஆனாலும், நம் ஊர்ப் பாலத்தின் திறப்புவிழாக் கல்வெட்டில் அமைச்சரில் தொடங்கி வார்டு உறுப்பினர் வரை பெயர்கள் இறங்கி வருகின்றன. பாலத்தை வடிவமைத்த பொறியாளர் பெயரை நான் தேடிப் பார்த்த கல்வெட்டுகளில் கண்டதில்லை. தலைமைக் கொத்தனார் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இந்தக் கண்ணோடு ஒருமுறை படிக்கலாம். மாதவி ஆடுவதற்கு முன்பே, ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டெழுதும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருந்தது என்பதை இளங்கோ விரிவாக அடுக்குகிறார். ஐந்து வயதில் தொடங்கிய பயிற்சி முடிந்து பன்னிரண்டாம் வயதில் ஆடிய பிறகுதான் தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சுப் பொன்னும். கதைக்கு அந்தப் பட்டியல் அவசியமில்லை. கோவலன் மாதவியிடம் போய்ச் சேர அவளுடைய அழகு ஒன்றே போதும். ஆனால் ஒரு கலைஞர் மேடையேறப் பின்னால் எத்தனை பேருடைய நிபுணத்துவம் வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய காவியம் அது.

பெரிய கோயிலுக்கே திரும்பலாம், 1808-க்கு. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் சென்னையில் பரங்கிமலையருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கும் பெரும்பணியைத் தொடங்கியிருந்தார். கோணங்களை அளக்கும் தியோடலைட்தான் அவருடைய முக்கியக் கருவி. அதன் எடை அரை டன். சோழநாட்டுச் சமவெளியில் உயரமான இடம் கோயில்தான். தஞ்சை விமானத்தின் மேல் அந்தக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் இங்கிலாந்துக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் கைவினைஞர்கள் சிலரை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தட்டி நேராக்கினார். அந்தக் கைவினைஞர்களின் பெயர் தெரியாது. ராஜராஜன் நாவிதரின் பட்டத்தைக் கூடப் பொறித்து வைத்த அதே கோயிலின் நிழலில் நடந்த விபத்து என்பதை நினைக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

திறமையை யார், எப்படி அங்கீகரிப்பது என்ற கேள்விக்கு அந்த நில அளவையின் வரலாறு முழுக்கவே ஒரு சோதனைக்கூடம். லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டிடம் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசேன் என்பவர் இருந்தார். ஐரோப்பாவில் செய்த நுண்கருவிகளைப் பிரித்துச் சீராக்கி மறுபடி கோக்கத் தெரிந்த கை அவருடையது. கருவிகளைப் பார்த்துக்கொண்ட பாரோ என்ற ஆங்கிலேயர் போனபின், அந்த இடத்துக்கு மொஹ்சினையே எவரெஸ்ட் பரிந்துரைத்தார். மேலிடத்தில் தயக்கம். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாதவரை அந்தப் பதவியில் எப்படி அமர்த்துவது என்றார்கள். கடைசியில் பதவி கிடைத்தது. எவரெஸ்ட் இனிமையான மனிதர் என்று எவரும் சொன்னதில்லை. கீழே இருப்பவர்களைக் கடித்துக் குதறியவர். ஆனால் வேலை தெரிந்தவரை வேலை தெரிந்தவர் அடையாளம் கண்டுகொள்வதற்கு இனிமை தேவைப்படுவதில்லை.

ராதாநாத் சிக்தரின் கதை இதைவிடச் சிக்கலானது. 1813-ல் பிறந்த வங்காளி, கல்கத்தா இந்துக் கல்லூரி மாணவர். கோள முக்கோணவியல் தெரிந்த ஓர் இளைஞர் வேண்டும் என்று எவரெஸ்ட் தேடியபோது கணிதப் பேராசிரியர் டைட்லர் அவரைக் கைகாட்டினார். 1831-ல், பதின்ம வயதின் கடைசியில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணிப்பாளராகச் சேர்ந்தார். சேர்ந்த சில ஆண்டுகளில் எவரெஸ்டின் கணக்குகளுக்கு இன்றியமையாதவரானார். எந்த அளவுக்கு என்றால், சிக்தர் வேறு துறைக்கு மாறி டெப்டி கலெக்டர் ஆக விரும்பியபோது, மேலதிகாரி சம்மதமில்லாமல் அரசு ஊழியர் துறை மாறக்கூடாது என்று சொல்லி எவரெஸ்ட் அதைத் தடுத்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எவரெஸ்ட் சிக்தரின் திறமையை முழுதாக உணர்ந்தவர், வாயாரப் புகழ்ந்தவர். அந்தப் புகழ்ச்சியே சிக்தரின் காலுக்கு விலங்கானது. நல்ல வேலைக்காரர் என்பதாலேயே பதவி உயர்வோ இடமாற்றமோ கிடைக்காமல் ஒரே நாற்காலியில் தேய்ந்தவர்கள் நம் அலுவலகங்களில் எத்தனை பேர்! அவர் இல்லாமல் பிரிவு நடக்காது என்று மேலாளர் சொல்வதைப் பாராட்டு என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பேச்சின் லாபம் சொல்கிறவருக்குப் போகிறது. கேட்கிறவருக்கு மிஞ்சுவது பழைய நாற்காலி.

சிக்தர் கணக்கில் மட்டும் கெட்டிக்காரர் இல்லை. 1843-ல் டேராடூனில் மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் நில அளவைத் துறையின் கூலியாட்களைத் தன் சொந்தச் சாமான்களைச் சுமக்க வைத்தார். சிக்தர் அதைத் தட்டிக் கேட்டார். வழக்கு வந்தது, சிக்தருக்கு 200 ரூபாய் அபராதம் விதித்தார்கள். தலைமைப் பண்புக்கு விருது கொடுக்கும் நிறுவனங்கள் இன்று இப்படி ஒரு செயலைத் தலைமைப் பண்பு என்று எண்ணுமா, ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பில் சேர்க்குமா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

எவரெஸ்டுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ வா, பதினைந்தாம் சிகரம் என்று எண்ணிட்டு வைத்திருந்த மலை 29,002 அடி என்றும் அதுவே உலகில் மிக உயர்ந்தது என்றும் 1856-ல் அறிவித்தார்; தன் முன்னோடியின் பெயரை அதற்குச் சூட்டினார். உள்ளூர் மக்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது என்று எவரெஸ்டே முணுமுணுத்தார். 1865-ல் ராயல் ஜியாகரபிகல் சொசைட்டி அந்தப் பெயரை ஏற்றது. சிக்தர் மூச்சிரைக்க ஓடிவந்து, உலகின் உயர்ந்த மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வாவிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதைதான். அப்போது அவர் கல்கத்தாவில் தலைமைக் கணிப்பாளர். கணக்கில் டேராடூன் கணிப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. பல இடங்களிலிருந்து பலர் அளந்ததைப் பலர் சேர்ந்து கணக்கிட்டதன் முடிவு அது. ஒற்றை நாயகனைத் தேடும் நம் ஆசை இங்கே செல்லுபடியாகாது. எவரெஸ்ட் என்ற பெயருக்குப் பதில் சிக்தர் என்று மாற்றினால் அநீதி திருந்தாது; இடம்தான் மாறும்.

சிக்தருக்கு நடந்த உண்மையான அநீதி மலையில் நடக்கவில்லை, ஒரு புத்தகத்தின் முன்னுரையில் நடந்தது. 1851-ல் துய்லியரும் ஸ்மித்தும் தொகுத்து வெளியிட்ட நில அளவைக் கையேட்டில், கடினமான கணிதப் பகுதிகளை எழுதியவர் பாபு ராதாநாத் சிக்தர் என்று முன்னுரை வெளிப்படையாகச் சொன்னது. 1870-ல் சிக்தர் இறந்தார். 1875-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அந்த முன்னுரை காணாமல் போயிருந்தது. அவர் எழுதிய அத்தியாயங்கள் மட்டும் இருந்தன. மறு ஆண்டே 'பிரண்ட் ஆஃப் இந்தியா' பத்திரிகை இதை இறந்தவரைக் கொள்ளையடிப்பது என்று கண்டித்தது. பிரிட்டிஷ் அளவையாளர்களிலேயே ஒரு பகுதியினர் கொதித்தார்கள். கூட உழைத்தவர்களுக்குத்தான் அந்த அத்தியாயங்களின் அருமை தெரிந்திருந்தது. 2004-ல் இந்திய அஞ்சல்துறை அவருக்கு ஒரு தபால்தலை வெளியிட்டது. நல்ல காரியம். அந்த முன்னுரையின் ஒரு வரிக்கு அது ஈடாகாது.

சிக்தர் சேர்ந்து எண்பது ஆண்டுகள் கழித்து, அதே 30 ரூபாய்ச் சம்பளத்தில் இன்னொரு கணக்குக்காரர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தார். 1912 மார்ச்சில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்த ராமானுஜனின் வாழ்க்கை எல்லாருக்கும் தெரியும். கும்பகோணத்து மேதை, நாமகிரித் தாயார், ஹார்டியின் கடிதம், இங்கிலாந்துக் குளிர் என்று அது பழகிப்போன கதை. ஆனால் அந்தக் கதையில் இரண்டு மேலதிகாரிகள் இருக்கிறார்கள். என் பார்வையில், பணியிட அங்கீகாரம் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் கிடைத்த ஆகச்சிறந்த உதாரணம் அவர்கள்தான்.

ஒருவர் எஸ். நாராயண ஐயர். போர்ட் டிரஸ்டில் உயர் பதவியில் இருந்த கணக்கு அதிகாரி. அதற்கு முன் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இந்தியக் கணிதக் கழகத்தின் உறுப்பினர். ராமானுஜன் என்ன செய்கிறார் என்று அவருக்குப் பாதி புரிந்தது. மீதி பாதி தனக்குப் புரியவில்லை என்பதும் புரிந்தது. ராத்திரியில் இருவரும் சிலேட்டுகளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். பல படிகளைத் தாண்டிக் குதிக்கும் ராமானுஜனை நிறுத்தி, மற்றவர்களுக்கும் விளங்கும்படி எழுத வைத்தவர் ஐயர். 1913-ல் கணிதக் கழக இதழில் பகா எண்களைப் பற்றித் தான் எழுதிய குறிப்பில், தேற்றம் ராமானுஜனுடையது என்று சொல்லியே எழுதினார். துய்லியரின் மூன்றாம் பதிப்பை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கீழே வேலை செய்யும் குமாஸ்தாவின் தேற்றத்தை மேலதிகாரி தன் பெயரில் போட்டுக்கொண்டால் 1913-ல் யார் கேட்டிருப்பார்கள்?

இன்னொருவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். போர்ட் டிரஸ்டின் தலைவர், பொறியாளர். எண்கோட்பாடு அவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவரை நம்பத் தெரிந்தது. நாராயண ஐயர் சொன்னதைக் கேட்டு, யார் யாருக்கோ எழுதினார். 1913 பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, வேறு விஷயங்களுக்கு நடுவே ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை அவர் முன் வைத்தார்கள். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலாவதாக வந்தவர். அவர் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு உடனே எழுதினார். தான் அந்தக் கிளையில் நிபுணர் இல்லை, ஐரோப்பியப் புகழுக்கு இது போதுமா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டே, இவருக்குச் சம்பாத்தியக் கவலை இல்லாமல் சில ஆண்டுகள் கொடுங்கள் என்று கேட்டார். தன் அறிவின் எல்லையைச் சொல்லிவிட்டுப் பரிந்துரைக்கும் அந்த நேர்மை, இன்றைய பரிந்துரைக் கடிதங்களில் அருகிவிட்டது.

பல்கலைக்கழக விதி குறுக்கே நின்றது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும், ராமானுஜன் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்விலேயே தேறாதவர். உயர்நீதிமன்ற நீதிபதி பி.ஆர். சுந்தரம் ஐயர், ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக்கழகச் சட்டத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது என்று வாதிட்டு வழி திறந்தார். 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய். போர்ட் டிரஸ்ட் விடுப்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டும் என்றபோது, கவர்னர் மாளிகை வரை ஸ்பிரிங் கடிதம் எழுதினார். 1918-ல் ராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அவருக்கு முன் அந்த மரியாதை பெற்ற ஒரே இந்தியர் பம்பாய்க் கப்பல் கட்டுநர் அர்தசீர் கர்செட்ஜி, 1841-ல். அவரும் தொழில்நுட்பம் தெரிந்த ஊழியர்தான். நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளராக அவர் அமர்ந்தபோது, ஐரோப்பியர்கள் ஓர் இந்தியருக்குக் கீழே வேலை செய்வதா என்று பம்பாய்ப் பத்திரிகை முகம் சுளித்தது.

ஸ்பிரிங் செய்ததை எவரெஸ்ட் செய்ததோடு ஒப்பிடலாம். இருவரும் திறமையைக் கண்டார்கள். ஒருவர் பிடித்து வைத்துக்கொண்டார், இன்னொருவர் அனுப்பி வைத்தார். ராமானுஜனுக்குப் போர்ட் டிரஸ்ட் ஒரு விழா எடுத்து, சிறந்த குமாஸ்தா என்று தங்கப் பதக்கம் கொடுத்து, மறுநாள் பழைய மேசையிலேயே உட்கார வைத்திருந்தால், பாராட்டிய புண்ணியமும் கிடைத்திருக்கும், ஆளும் கைவிட்டுப் போயிருக்க மாட்டார். அவர்கள் ஓர் ஊழியரை இழக்கச் சம்மதித்தார்கள். அங்கீகாரம் உண்மையானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: கொடுத்தவர் எதை விட்டுக்கொடுத்தார்? கல்லில் ஓர் இடம், முன்னுரையில் ஒரு வரி, கையில் இருந்த ஆள், முடிவெடுக்கும் அதிகாரத்தில் ஒரு பங்கு, இப்படி ஏதோ ஒன்று கொடுத்தவர் பக்கத்தில் குறைந்திருக்க வேண்டும். பொன்னாடையில் எதுவும் குறைவதில்லை. அதனால்தான் அதை இத்தனை தாராளமாகப் போர்த்துகிறோம்.

வெள்ளைக்காரர்கள் வாரி வழங்கிய ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைப் பெற்றவர்களில் தகுதியுள்ளவர்கள் இருந்தார்கள். விசுவாசம் மட்டுமே உள்ளவர்களும் இருந்தார்கள். பட்டத்தைப் பார்த்து இன்னார் எந்த வகை என்று சொல்ல முடியாது. எஸ். சுப்பிரமணிய ஐயர் 1918-ல் தன் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்தார். வெள்ளைக்காரப் பட்டங்களின் அனுபவத்தால்தான் நம் அரசியலமைப்பின் 18-ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. 1954-ல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. இவை பட்டங்கள் ஆகா, பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. நம் ஊர்ச் சுவரொட்டி அச்சிடுபவர்களுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

இன்று விருது கொடுப்பதே ஒரு தொழிலாகிவிட்டது. நட்சத்திர ஓட்டலில் விழா, விண்ணப்பிக்கக் கட்டணம், விருந்துக்கு மேசை ஒன்று இவ்வளவு என்று விலை. தொழில்துறைக்குப் பங்களிப்பு, வளரும் தலைவர் என்று இருபது முப்பது பிரிவுகள். எல்லாரும் ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நிறுவனத்துக்குள்ளே மாதம் ஒருவர் படம் சுவரில் ஏறுகிறது. முதல் ஆறு மாதம் உண்மையாகத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு இதுவரை கிடைக்காதவர் யார் என்று பார்த்துக் கொடுப்பார்கள். இருபத்தைந்து ஆண்டு பணிக்குக் கைக்கடிகாரம் கொடுப்பது நல்ல வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீண்ட நாள் இருந்ததற்குக் கொடுப்பதும் ஒரு வேலையில் தேர்ந்ததற்குக் கொடுப்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மேடையில் ஒரே கேடயத்தில் கொடுத்தால், தேர்ந்தவருக்குத் தான் எதற்காகப் பாராட்டப்பட்டோம் என்றே தெரியாமல் போகிறது. ஜப்பானில் 1950-ல் கலாச்சாரச் செல்வங்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் போட்டார்கள். அதன்கீழ் மண்பாண்டம் வனைபவர், வாள் அடிப்பவர், சாயம் தோய்ப்பவர் என்று தேர்ந்த கைகளை அடையாளம் கண்டு, ஆண்டுக்கு 20 லட்சம் யென் கொடுக்கிறார்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடு என்பது அதோடு சேர்ந்த எதிர்பார்ப்பு. மரியாதையும் கடமையும் ஒன்றாகவே வருகின்றன.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம், 2023-ல் பத்மஸ்ரீ பெற்ற செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும். அவர்கள் பாம்பு பிடிப்பவர்கள். விருதுப் பட்டியலில் அவர்களைச் 'சமூகப் பணி' என்ற பிரிவில் சேர்த்திருந்தார்கள். வேறு எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் அங்கே போட்டிருக்க வேண்டும். எலி வளையின் வாயில் மண் எப்படிக் கலைந்திருக்கிறது, உரித்த சட்டை எத்தனை நாள் பழையது, தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லும் அறிவை நம் அரசுப் படிவங்கள் இன்னும் நிபுணத்துவம் என்று எழுதக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த விருதின் பின்னால் இருக்கும் ஐம்பது ஆண்டுகள் விருதைவிட முக்கியமானவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. தோல் வியாபாரத்தை நம்பிப் பாம்பு பிடித்த இருளர்களின் பிழைப்பு ஒரே சட்டத்தில் குற்றமானது. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர், இவர்களோடு காட்டில் திரிந்து பாம்பைக் கற்றவர். இவர்களுக்குத் தெரிந்ததை வைத்தே வேறொரு பிழைப்பை உருவாக்கலாம் என்று அவரும் மற்றவர்களும் முயன்றதில், 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமத்தோடு பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி சங்கம் இருக்கும் வடநெம்மேலியிலிருந்து போனது.

இது கொடுத்தவருக்குச் செலவு வைத்த அங்கீகாரம். அரசு தன் சட்டத்தில் ஒரு விதிவிலக்கை விட்டுக்கொடுத்தது. சங்கத்தின் உறுப்பினர்கள் பாம்பு பிடிப்பவர்களே. 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க வடிவேலையும் மாசியையும் அழைத்தது. மொழிபெயர்க்க இரண்டு பேர் கூடப் போனார்கள். போன இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அந்த நிலம் அவர்களுக்குப் புதிது. அமெரிக்க விஞ்ஞானிகள் கூடவே நடந்து, இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பத்மஸ்ரீ அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது. விட்டேகருக்கு 2018-லேயே வந்துவிட்டது. தன் ஆசிரியர்கள் இருளர்கள் என்று மேடைதோறும் சொல்லிவந்தவர் அவர். ஆசிரியர்களுக்கு மாணவருக்குப் பின் ஐந்து ஆண்டு கழித்து விருது கொடுப்பது அரசாங்கத்தின் வழி.

பத்ம விருதுகளுக்கு இப்போது எந்தக் குடிமகனும் இணையத்தில் பெயர் பரிந்துரைக்கலாம். ஆண்டுதோறும் சில மாதங்கள் அதற்கான பக்கம் திறந்திருக்கும். பரிந்துரைக்கப்படுபவர் என்ன செய்தார் என்று 800 சொற்களுக்குள் எழுதச் சொல்கிறார்கள். எளிமையானவர், பண்பாளர், சமூகத்துக்காக வாழ்பவர் என்று அந்த 800 சொற்களையும் செலவழித்துவிடாதீர்கள். உங்கள் தொழிலில் உங்களைவிடத் தேர்ந்தவர் ஒருவர் இருப்பார். தறியில், லேத்தில், பிரசவ வார்டில், படகுத்துறையில், கணக்குப் பிரிவில், எங்கேயோ. அவருக்கு என்ன தெரியும், அது ஏன் கடினம், அவர் செய்தபின் அந்தத் தொழிலில் என்ன மாறியது என்று எழுதுங்கள். அதை எழுத முடிந்தவர், அதே வேலையைச் செய்துபார்த்துத் திணறிய நீங்கள்தான். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.